மருந்து சரி, புகட்டும் முறை சரியா?

மாட்டுக்கு மருந்து புகட்டுவதில் நம்மிடம் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை வானம் பார்க்கத் தூக்குவார். இன்னொருவர் நாக்கை வெளியே இழுத்துப் பிடிப்பார். மூன்றாமவர் மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ உள்ளதை ஒரே மூச்சில் ஊற்றிவிடுவார். மருந்து உள்ளே போய்விட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில், வயிறு உப்பிய மாட்டுக்குக் கடலை எண்ணெய் கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட விவசாயி ஒருவர் சில நாள் கழித்து அப்படியே செய்தார். உப்புசம் வடிந்தது. மூன்றாம் நாள் பசு தீனி எடுக்கவில்லை. காய்ச்சலும் மேல்மூச்சும் கண்டு அந்த வாரமே இறந்துவிட்டது. எண்ணெயில் ஒரு பகுதி வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போயிருந்தது. அவரிடம் கறவையில் இருந்த ஒரே பசு அது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று சொன்ன நான், எப்படிக் கொடுப்பது என்று சொல்லவில்லை. 'வாய்வழி கொடுக்கவும்' என்று சீட்டில் எழுதுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது எங்களைப் போன்றோரின் தவறு என்பதே என் கருத்து.

விழுங்குவதற்கு நாக்கு வேண்டும். அதை இழுத்துப் பிடித்தால் மாடு விழுங்க முடியாது. தலையை அண்ணாத்தினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கப் பார்க்கும். தண்ணீர் புரையேறினால் மாடு உடனே இருமும். எண்ணெய் வழவழப்பானதால் இருமலே இல்லாமல் உள்ளே போய்விடும். ஆகவே மூக்கு நுனி கண் மட்டத்துக்கு மேல் உயரக் கூடாது. கடைவாய் வழியாகச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு வாயும் விழுங்கிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். இருமினால் உடனே நிறுத்தித் தலையைத் தாழவிட வேண்டும். கண்ணாடி பாட்டில் வாய்க்குள் உடையும், அது வேண்டாம்.

இவ்வளவு பொறுமைக்கு மாடு எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். நிற்கப் பழக்கலாம். குதிரை வளர்ப்போர் வெறும் சிரிஞ்சில் இனிப்புத் தண்ணீர் கொடுத்துப் பழக்குவது உண்டு. கன்றுக்கும் அது பொருந்தும். கன்று பிறந்த சில நாளிலேயே தினமும் முகத்தையும் கடைவாயையும் தடவிக் கொடுங்கள். பிறகு ஊசி மாட்டாத 20 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சை உதட்டோரம் வையுங்கள். கன்று ஆடாமல் நின்றால் எடுத்துவிடுங்கள். திமிறும் போது எடுத்தால், திமிறினால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த நாட்களில் 5 மில்லி வெல்லத் தண்ணீர் கொடுங்கள். இரண்டாம் வாரம் முதல் குடற்புழு மருந்து கொடுக்கும் போது கன்று வாயைக் காட்டி நிற்கும். பிறகும் வாரம் ஒருமுறை வெல்லத் தண்ணீர் தொடரட்டும். கசப்பு மருந்தோடு மட்டுமே நாம் அருகில் போனால், நம்மைக் கண்டதுமே மாடு கயிற்றை அறுக்கத்தான் பார்க்கும். வளர்ந்த மாட்டையும் இப்படிப் பழக்கலாம். நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

எவ்வளவு பழகிய மாடானாலும் சில நேரங்களில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கன்று ஈன்றபின் பால் காய்ச்சலில் படுத்த மாட்டுக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவிக்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதாக எண்ணிக் கையை விடவே கூடாது. வெறிநோயிலும் இதே அறிகுறி உண்டு. அதில் போவது மாடு மட்டுமல்ல, உங்கள் உயிரும்தான். இரண்டுக்கும் கால்நடை மருத்துவரை அழைப்பதே வழி.

நல்ல மாடு கிடைக்க விலை கொடுக்கிறோம், மருந்துக்கும் விலை கொடுக்கிறோம். பழக்குவதற்கு வேண்டியது தினம் இரண்டு நிமிடமும் சிறு துண்டு வெல்லமும்தான். மாடு நலமாக இருக்கும் போதே தொடங்குங்கள். நோய் வந்த இரவில் பழக்க முடியாது.