கூரைமேல் பறந்த கிளி

விக்கிரமங்கலத்து ஓட்டுவீடு ஒன்றைப் பள்ளி மாணவன் ஒருவன் கணினித் திரையில் வரைந்துள்ளதாகக் கொள்வோம். கூரை சிவப்பு. அதன்மீது பச்சைக்கிளி பறக்கவேண்டும். கிளி கடந்தபின் கூரை பழையபடி விளங்கவேண்டும்.

1980-களில் பலர் பயின்ற ஜி.டபிள்யூ. பேசிக் மொழியில், வரைந்த கிளியை 'கெட்' கட்டளையால் நினைவகத்தில் சேமித்து, 'புட்' கட்டளையால் வேண்டிய இடத்தில் வைக்கலாம். எம்முறையில் வைப்பது என்பதே வினா. 'பிசெட்' முறையில் வைத்தால், கிளியைச் சூழ்ந்த வெற்றுக் கட்டமும் சேர்ந்து கூரையை அழித்துவிடும். 'ஆர்' முறையிலோ, இரு வண்ணங்களும் கலந்தபின் அவற்றைப் பிரிக்க வழியில்லை.

'எக்ஸ்-ஆர்' முறையே வியப்புக்குரியது. கணினிக்கு வண்ணம் என்பது எண். அக்கால நான்கு வண்ணத் திரையின் ஒரு தொகுதியில் கருமை 0, பச்சை 1, சிவப்பு 2, பழுப்பு 3. இரும எண்ணில் சிவப்பு 10, பச்சை 01. இலக்கங்கள் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1 என்பது விதி. எனவே இரண்டும் சேர்ந்து 11, அதாவது பழுப்பு ஆகும். அதே இடத்தில் கிளியை மீண்டும் ஒருமுறை வைத்தால், 11-உம் 01-உம் சேர்ந்து 10 ஆகும். கிளி மறைந்தது, சிவப்புக் கூரை மீண்டது!

குறை ஒன்றுண்டு. கூரைமேல் இருக்கும்வரை கிளி பழுப்பாகத் தோன்றும். பச்சை மாறாதிருக்க, அவ்விடத்துக் கூரையை முதலில் சேமித்துக்கொள்ளவேண்டும். பின்னர்க் கிளியின் வடிவமுள்ள மறைப்புப் படத்தை 'ஆண்ட்' முறையில் வைத்தால், அவ்வடிவம் மட்டும் வெறுமையாகும். அவ்வெறுமையில் கிளியை 'ஆர்' முறையில் பொருத்தலாம். கிளி நீங்கியதும், சேமித்த கூரையைத் திரும்ப வைக்கவேண்டும்.

1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு மறைக்கிறது என்னும் அளவையும் படத்தோடு சேர்த்துக் கணக்கிடும் நெறிகளை வகுத்தளித்தனர். இன்று திருமணப் படத்தில் மணமக்களின் பின்னே மலையும் அருவியும் விளிம்பு தெரியாமல் பொருந்துவது அத்தகைய கணக்கினாலேயே.

2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், சிற்றூர் இல்லங்கள் பலவற்றிலும் கணினித் திரை ஒளிர்ந்தது. அத்திரையில் விளையாட்டை மட்டுமே காணும் பிள்ளையும் உண்டு. அது எவ்வாறு இயங்குகிறது என வினவும் பிள்ளையும் உண்டு. வினவும் பிள்ளைக்குக் கணினி இல்லையெனினும் குறைவில்லை. கணக்கு நோட்டின் கட்டங்களில் 0, 1, 2, 3 என எழுதி, இவ்விதியை இன்று மாலையே செய்துபார்க்கலாம். பெற்றோரும் உடன் அமர்வாராயின் நன்று.