அலையை எண்ணுதல்

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, விடுதித் தாழ்வாரத்தில், பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் அமெரிக்க நாட்டு அமெச்சூர் வானொலி அன்பர்களுடைய பொழுதுபோக்கு ஒன்றினை எடுத்துரைத்தார். முன்னரே அறிவித்த ஓர் இரவில், ஒரு நிலையத்தினின்று வானொலி அலை விடுக்கப்படும். அதில் இசையில்லை, செய்தியும் இல்லை. அவ்வலை நொடிக்கு எத்துணை முறை அதிர்கின்றது என்பதனைப் பல ஊர்களில் உள்ளாரும் தத்தம் இல்லத்திலிருந்தே அளந்து விடை எழுதியனுப்புவர். பிழை மிகக் குறைந்தவர் முதல்வர். இவ்வளவே விளையாட்டு. கேட்ட நாங்கள் நகைத்தோம். தமிழ் பயிலும் யான் சற்று உரக்கவே நகைத்தேன். அந்நகை தகாது என்பதே இன்று என் கருத்து.

நொடிக்கு 70 இலட்சம் முறை அதிரும் அலையில் ஒன்றிரண்டு பிறழ்ந்தால் யாது கெடும் என அன்று வினவினோம். இவ்வினா எம்மனோர்க்குப் பொருந்துவதன்று. என்னை? மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் அளவாகக் காட்டியவர் தொல்காப்பியர். 320இல் ஒரு பங்கினை முந்திரி என்று வழங்கியதோடு அமையாது, அம்முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்று பெயரிட்டவர் நம் முன்னோர். அத்தகைய மரபில் வந்தோர் நுண்ணளவைக் கண்டு நகைப்பது முறையாகுமோ?

அளக்கும் வழி எளிதுபோல் தோன்றும். அறிந்த அதிர்வெண் உடைய அலையோடு அறியாத அலையைக் கூட்டினால், இரண்டின் வேறுபாடு விம்மலாகச் செவியிற் படும். வேறுபாடு குறையக் குறைய விம்மல் தளர்ந்து, இறுதியில் ஓய்ந்து நிற்கும். அவ்விம்மலைக் கணிப்பொறி கொண்டு எண்ணுவோரே இன்று மிகுதி. ஆயின் 'அறிந்த அலை' என்றோமே, அதனை அறிந்தது எவ்வாறு? அளப்போருடைய கருவியில் உள்ள குவார்ட்ஸ் படிகம் வெப்பம் மாறினால் தானும் மாறும். அது பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிறழ்ந்தாலும், நொடிக்கு 1 கோடி அதிர்வுடைய அலையில் 10 அதிர்வு பிழையாகும். தேர்ந்தவரோ ஓர் அதிர்விலும் குறைந்த பிழையை நாடுவர். ஆகலின் அவர்தம் உழைப்பிற் பெரும்பகுதி பிறர் அலையை அளத்தலில் அன்று, தம் அளவுகோலை ஐயுறுதலிலேயே செல்கின்றது. நம்முள் எத்துணைப் பேர் இதனைச் செய்கின்றோம்!

அவர்களுக்குக் கைகொடுப்பது கொலராடோ மாநிலத்துக் கோலின்ஸ் கோட்டைக்கு அண்மையில் உள்ள டபிள்யூ.டபிள்யூ.வி. என்னும் நிலையம். அணுக்கடிகாரங்களால் ஆளப்படும் அலைகளை அது இரவும் பகலும் விடுக்கின்றது. சீசிய அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகளே ஒரு நொடி என 1967இல் உலகம் உடன்பட்டது. அந்நொடியை அங்கிருந்து எவரும் பொருள் கொடாமலே பெறலாம்.

இனி, யான் பெரிதும் வியந்த செய்தி ஒன்றுண்டு. அந்நிலையம் பிழையின்றி விடுக்கும் அலையும், தொலைவில் உள்ளார் பெறுங்கால் சிறிது பிறழ்ந்தே வருகின்றது. அவ்வலை வானில் அயனி மண்டலத்திற் பட்டு மீள்வது. மண்டலம் மேலெழும்பினால் அலை செல்லும் வழி நீளும், அதிர்வெண் குறையும். கீழிறங்கினால் கூடும். நொடிக்கு 1 கோடி அதிர்வுடைய அலையின் நீளம் ஏறக்குறைய 30 மீட்டர். வழி நொடிக்கு 30 மீட்டர் நீளுமாயின் எண்ணிக்கையில் ஒன்று குறையும். ஒன்றிரண்டு பிறழ்ந்தால் என் என்று வினவினோம் அன்றோ? அவ்வொன்றே வானின் அசைவு! 2023 அக்டோபர் 14இலும் 2024 ஏப்ரல் 8இலும் நிகழ்ந்த சூரிய கிரகணங்களின்போது அமெச்சூர் அன்பர்கள் இவ்வாறே அளந்து, நிழல் கடந்த வழியெங்கும் அம்மண்டலம் மாறிய வரலாற்றை அறிஞர்க்கு உதவினர். ஓர் ஆராய்ச்சிச் சாலை ஓரிடத்தில்தான் நிற்க இயலும். அன்பர்களோ நாடெங்கும் உளர்.

2018இல் அந்நிலையத்தை மூடிச் செலவைக் குறைக்கலாம் என்றொரு முன்மொழிவு எழுந்தது. துணைக்கோள்கள் நேரம் காட்டுகையில் பழைய நிலையம் எதற்கு என்பார் உளர். அவர் கூற்றில் பாதி உண்மை. துணைக்கோள் நம் கடிகாரத்தைத் திருத்தும். ஆனால் அயனி மண்டலத்திற் பட்டு மீளும் குறைந்த அதிர்வெண் அலையை அது விடுப்பதில்லை. பிழையின்றிப் புறப்பட்ட அலையன்றோ வழியிற் பட்டதைச் சொல்லும்? வானொலி அன்பர் பலர் மறுத்துரைத்தனர், நிலையமும் மூடப்படவில்லை. அன்று அவர்கள் மறுத்துரைத்தது வீண் பிடிவாதம் அன்று என்றே யான் கொள்கின்றேன்.

நண்பர் இப்பொழுது பழைய வானொலிப் பெட்டி ஒன்றினைத் தேடி வருகின்றார். விளக்கணைக்கும் மணிக்குப் பின் அதனை இயக்க விடுதித் தலைவர் இசைவரோ என்பதே அவர் கவலை. நாளை மாலை கேட்கச் செல்கின்றார். யானும் உடன் செல்வேன்.