மொட்டைக் கடுதாசிக்கு எதற்கு மரியாதை?

"பொறாமைக்காரனைக் கண்டால் பணிந்து போ, தானாகத் திருந்துவான்" என்கிறவர்கள் அரசு அலுவலகத்தில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அவன் திருந்துவதில்லை, மொட்டைக் கடுதாசி எழுதுகிறான்.

பிரெஞ்சில் பொறாமையை 'ழலூஸி' என்பார்கள். ஜன்னலில் சாய்வாகச் செருகிய பலகை அடைப்புக்கும் அதே பெயர்தான். உள்ளேயிருந்து பார்க்கலாம்; பார்ப்பவன் யாரென்று வெளியே தெரியாது. பொருத்தமான சொல்!

ஆனால் என் கோபம் எழுதியவன் மேல் அல்ல, அதை நம்பி விசாரணை வைக்கும் அதிகாரி மேல். பெயரில்லாத புகார் மீது நடவடிக்கை கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-லேயே சுற்றறிக்கை விட்டது. பிறகும் "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டார்கள். எங்கள் பிரிவில் ஒரு நல்ல எழுத்தருக்குப் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. விசாரணையில் ஒன்றும் கிடைக்கவில்லை. போன வருடங்களை யார் திருப்பித் தந்தார்கள்?

"அப்படியானால் ஊழலை எப்படிச் சொல்வது?" என்பீர்கள். பெயரோடு எழுதுகிறவரின் பெயரை ரகசியமாகக் காக்க 2004 முதல் அதே ஆணையத்தில் ஏற்பாடு இருக்கிறது. உண்மை உள்ளவர் அங்கே எழுதட்டும்.

மற்றதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடுங்கள், ஐயா. படிக்க ஆளில்லை என்று தெரிந்தால் எழுதுகிறவனும் எழுத மாட்டான்.