செல்போன் பந்தாட்டத்தில் நம்ம ஊர்ப் பனியன்

நீலகிரி மாவட்டத்தில் உள்ள தேவாலா, மழைக்குப் பேர்போன ஊர். தமிழ்நாட்டில் அதிக மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. பக்கத்திலேயே நாடுகாணி. அங்கிருந்து மலைப்பாதையில் இறங்கினால் கேரளாவின் மலப்புரம் மாவட்டம் வந்துவிடும். மலப்புரத்துக்காரர்கள் சோறு இல்லாமல்கூட இருப்பார்கள். கால்பந்து இல்லாமல் இருக்கமாட்டார்கள்! அணிக்கு 7 பேர் ஆடும் "செவன்ஸ்" ஆட்டத்துக்கு அங்கே திருவிழாக் கூட்டம். அந்த ஆசை மலை ஏறி வருவதில் வியப்பு இல்லை.

ஆனால், ஆடி மழையில் மைதானத்தில் இறங்க முடியுமா? பையன்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து செல்போனில் பந்து உதைக்கிறார்கள்.

அந்த விளையாட்டில் ஐரோப்பாவின் பெரிய அணிகள் எல்லாம் உண்டு. தோட்டத்து அணி உண்டா? செவன்ஸ் அணி உண்டா? கிடையாது.

காரணம், பணம். அணியின் பெயர், சின்னம், பனியன் எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனி, பணம் கட்டி அனுமதி வாங்கவேண்டும். இல்லாவிட்டால் பொய்ப் பெயர்தான். 2019-ல் வெளிவந்த "பிபா 20" விளையாட்டில் இத்தாலியின் யுவெண்டஸ் அணிக்கே அந்தக் கதி! அதன் உரிமையை ஜப்பானின் கொனாமி கம்பெனி வாங்கிவிட்டது. உடனே யுவெண்டஸ், "பியமோன்டே கால்சியோ" ஆகிவிட்டது. ரொனால்டோ இருந்தார். பனியன்தான் வேறு!

யுவெண்டசுக்கே அப்படி என்றால், நம்மவர்கள் எம்மாத்திரம்? ஐ.எஸ்.எல். போட்டி 2014-ல் தொடங்கியது. சென்னையின் எப்.சி. 2015-ல் கோப்பை வாங்கியது. 2018-ல் மறுபடியும் வாங்கியது. "பிபா" விளையாட்டில் அந்தப் போட்டி இடம்பிடித்தது 2021-ல்தான்.

அதுவரை ரசிகர்கள் காத்திருக்க வேண்டுமா? தாங்களே "தைக்கிறார்கள்". இதற்கு "மாடிங்" என்று பெயர். கேட்கப் பெரிதாக இருக்கும். வேலை, தையற்காரர் வேலைதான். விளையாட்டுக்குள் பனியன் என்பது ஒரு தட்டையான படம். தைப்பதற்கு முன் வெட்டிப் பரப்பிய துணிபோல, மார்பு ஓரிடம், முதுகு ஓரிடம், கை ஓரிடம். அந்தப் படத்தில் நிறம் தீட்டி உள்ளே வைத்தால், விளையாட்டே அதை ஆட்டக்காரர் உடம்பில் மாட்டிவிடும். அளவு பிசகினால் முதுகு எண் விலாவுக்கு வந்துவிடும்!

"டிரீம் லீக் சாக்கர்" என்ற செல்போன் விளையாட்டை உருவாக்கியவர்கள் புத்திசாலிகள். ரசிகர் தரும் படத்துக்கு அவர்களே வாசல் வைத்தார்கள். நீளம் 512 புள்ளி, அகலம் 512 புள்ளி இருந்தால் போதும். மற்றக் கம்பெனிகளும் இப்படிச் செய்வதில் என்ன நஷ்டம்? சின்ன அணிகளிடம் அவர்கள் உரிமை வாங்கப்போவதும் இல்லை. வாங்க ஆள் வருவான் என்று அந்த அணிகள் காத்திருக்கவும் இல்லை.

"எந்நேரமும் போனா?" என்று பெற்றோர் அதட்டுவது நியாயம். அதட்டுமுன் பையன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கட்டும். படம் வரைகிறான் என்றால், அது தொழில். கண்ட இடத்திலிருந்து கோப்புகளை இறக்குகிறான் என்றால், உடனே தடுக்கவேண்டும். அதில் ஒளிந்து வரும் வைரஸ், அப்பாவின் வங்கிக் கணக்கையே காலி செய்துவிடலாம்.

சின்னத்தையும் அவனே வரையலாம். பெரிய கிளப்பின் சின்னத்தைப் போட்டு விற்றால் வழக்கு வரும். தேவாலா அணிக்கு 2 இலையும் ஒரு மொட்டும் பொருத்தம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பதே அப்படித்தான். மொட்டை மட்டும் மறந்துவிடக் கூடாது. மறந்தால் கட்சிச் சின்னம் ஆகிவிடும்!