எலுமிச்சம் பழமும் பழைய காரும்

நமது நாட்டில் பழைய மோட்டார் கார் வாங்கப் போகின்ற பலபேர் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, பஞ்சாங்கத்தையேயாகும். ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி எல்லாவற்றையும் ஒதுக்கி நாள் குறிக்கின்றார்கள். நம்பரைக் கூட்டி எட்டு வந்தால், சனிக்குரியதென்று நல்ல வண்டியையும் வேண்டாமென்கின்றார்கள். வாங்கிய பின் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம் பழம் நசுக்கி, அர்ச்சகருக்குத் தட்சணையும் கொடுத்துவிட்டு, இனிப் பயமில்லை என்று வீடு திரும்புகின்றார்கள்.

மோசக்காரத் தரகனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டரைத் திருப்பி நாற்பதாயிரமாக்கி, துருவின் மேல் பெயிண்டு அடித்து, முன்னால் ஒரு சாமி படத்தையும் ஒட்டிவிட்டால் வியாபாரம் முடிந்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. நீரில் கிடந்த வண்டியைக் கழுவித் துடைத்துப் புதிது போல் காட்டுவது கஷ்டமான காரியமல்ல. ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரிந்துவிடும். கால் மிதியடியைத் தூக்கினால் துரு தெரிந்துவிடும். இதற்கு எந்தச் சாஸ்திரம் வேண்டும்? கண்ணும் கையும் போதாதா?

நிற்க, விற்றவர் சங்கதியைப் பார்ப்போம். ஒரே மாகாணத்துக்குள் வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் போக்குவரத்து ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுகின்றது. நல்ல நேரம் பார்த்துப் பணத்தை எண்ணி வாங்குகின்றவர், பெயர் மாறிற்றா என்று மட்டும் பார்ப்பதில்லை. பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், ரிஜிஸ்டரில் யார் பெயர் இருக்கின்றதோ அவரே சொந்தக்காரர், விபத்தின் நஷ்ட ஈடும் அவர் பொறுப்பே என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பொழுது எந்தக் கிரகம் வந்து பணம் கட்டும்?

சர்க்காரின் யோக்கியதையும் இதுதான். பழைய வண்டி வியாபாரிகள் அனுமதிச் சான்று பெற வேண்டுமென்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கின்றது. அந்தச் சான்றைக் காட்டு என்று கேட்கும்படி ஜனங்களுக்குப் பழக்கவேண்டிய சர்க்கார், ராசி நம்பருக்குக் கட்டணம் வைத்து மூடநம்பிக்கையிலும் காசு பார்க்கின்றது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தொழிலாளர்கள் கார் செய்து வருகின்றார்கள். அதில் ஒரு திருகாவது மந்திரத்தால் முறுகியதுண்டா? எல்லாம் கணக்கும் கைவேலையுமேயல்லவா? அறிவால் செய்த பொருளை வாங்கும்போது மட்டும் அறிவை வீட்டில் வைத்துவிட்டுப் போவானேன்? பிரேக் பிடிக்காமல் ஆள் செத்தால் “விதி” என்பார்கள். தட்சணையைத் திருப்பித் தந்த அர்ச்சகர் ஒருவரும் இல்லை.

ஆதலால் தோழர்களே! அந்தத் தட்சணையை ஒரு நல்ல மெக்கானிக்குக்குக் கொடுங்கள். ஜாதகத்தைப் பார்க்கும் நேரத்தில் ஆர்.சி. புத்தகத்தையும் இன்சூரன்ஸையும் பாருங்கள். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து குடியுங்கள், தாகமாவது தீரும்.