படிப்பு மெதுவாகப் போனால் கடன் மட்டும் ஓடலாமா?

கல்விக் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை, குடும்பக் கஷ்டத்தால் ஒரு வருஷம் பாடங்களைக் குறைத்துக்கொண்டு படித்தால் கடன் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை வங்கியில் கேட்டுப் பாருங்கள். ஒரு கவுன்டரில் ஒரு பதில். அடுத்த கவுன்டரில் இன்னொரு பதில். மேனேஜர் அறைக்குள் போனால், "முதல்ல படிப்பை முடிக்கச் சொல்லுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

அப்புறம் பார்த்தால் வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருக்கும்!

மெதுவாகப் படிப்பது இப்போது குற்றம் அல்ல. சட்டமே அதை ஒப்புக்கொண்டுவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் கொண்டுவந்த பட்டப் படிப்பு விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் பாடச் சுமையைக் குறைத்துக்கொண்டு, படிப்பை அதிகபட்சம் 2 பருவங்கள் வரை நீட்டிக்கலாம். 3 வருஷப் படிப்பை 4 வருஷத்தில் முடிக்கலாம். கல்லூரி ஏற்றுக்கொண்டால் போதும். பட்டத்தின் மதிப்பும் குறையாது.

நல்ல ஏற்பாடு. வரவேற்கிறோம். ஆனால் இந்தச் சேதி வங்கிக் கிளையின் வாசற்படியைத் தாண்டியதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023-ல் ஒரு பெண் பட்டப் படிப்பில் சேர்கிறாள். கடன் ரூ.3 லட்சம். பெற்றவர்தான் கூட்டுக் கடன்தாரர். 2026-ல் படிப்பு முடிய வேண்டும். வேலை தேட 1 வருஷம் அவகாசம். 2027-ல் தவணை தொடங்கும். கடன் பத்திரத்தில் உள்ள கணக்கு இது.

நடுவில் அப்பா படுத்த படுக்கையாகிறார். காலையில் அம்மாவுடன் இட்லிக் கடையில் நிற்க வேண்டிய நிலை. கல்லூரியின் அனுமதியோடு பாடத்தைக் குறைத்துக்கொள்கிறாள். படிப்பை விடவில்லை; மெதுவாக்கினாள், அவ்வளவுதான். 2026-ல் முடிய வேண்டியது 2027-க்குத் தள்ளிப் போகிறது.

வங்கிக் கணினியில் தேதி மாறாவிட்டால் என்ன ஆகும்? மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும் நேரத்தில் முதல் தவணையும் வாசலில் வந்து நிற்கும். வேலை தேடக் கொடுத்த 1 வருஷ அவகாசம் எங்கே போயிற்று? அப்பாவின் வைத்தியம் அதைத் தின்றுவிட்டது!

அது மட்டுமா? வங்கி அனுமதித்தது 6 பருவக் கட்டணத்துக்கு. ஏழாவது, எட்டாவது பருவத்துக்குப் பணம் யார் தருவார்?

90 நாள் தவணை நின்றால் அது வாராக் கடன். சிபில் ஏட்டில் பெண்ணின் பெயரோடு பெற்றவரின் பெயரும் கெடும். நாளைக்குக் கடைக்கு ஒரு சின்னக் கடன் கேட்டாலும், "உங்க பேர்ல பழைய பாக்கி காட்டுதே" என்று கையை விரிப்பார்கள்.

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. குறித்த காலத்தில் படிப்பு முடியாவிட்டால் 2 வருஷம் வரை நீட்டித்துத் தரலாம் என்று வங்கிகளின் கல்விக் கடன் திட்டங்களில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் "தரலாம்" என்றால் என்ன பொருள்? அதிகாரி மனசு வைத்தால் உண்டு; இல்லையென்றால் இல்லை.

வட்டி மானியத்திலும் இதே குழப்பம். ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 2009-ல் தொடங்கிய மத்திய அரசின் திட்டம், படிப்பை நடுவில் விட்டவருக்கு மானியம் இல்லை என்கிறது. மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு. சரி, நடுவில் விட்டவர் வேறு. மெதுவாகப் படிப்பவர் வேறு. இந்த வித்தியாசத்தை ஃபைல் பார்க்கிற குமாஸ்தாவுக்கு யார் சொல்வது?

அமெரிக்காவில் இது கறாரான விஷயம். அரசாங்கக் கடன் வேண்டுமானால் பாதி நேரப் படிப்பாவது படிக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் 6 மாத அவகாசம்; பிறகு தவணை தொடங்கிவிடும். பாடத்தைக் குறைத்தால் கடன் தொகையையும் அந்த விகிதத்தில் குறைக்கச் சொல்லி 2025-ல் ஒரு சட்டமும் போட்டார்கள். அந்தக் கறார் நமக்கு வேண்டாம். ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று அங்கே படிக்கிற பிள்ளைக்குத் தெரிகிறது. நம் ஊரில் கோடே கண்ணுக்குத் தெரியவில்லை!

வங்கியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அது நம் டெபாசிட் பணம்தான். மெதுவாகப் படிக்கிறேன் என்று சொல்லி ஏமாற்ற நினைப்பவரும் இருக்கலாம். அதற்குத்தான் 2 பருவம் என்ற வரம்பும் கல்லூரியின் கடிதமும் வேலியாக இருக்கின்றனவே! அவகாசம் கொடுத்தால் வங்கிக்கு நஷ்டமும் இல்லை. அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே மத்திய நிதி அமைச்சகமும் வங்கிகள் சங்கமும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்.

கல்லூரி அனுமதிக் கடிதம் கொடுத்தால், தவணைத் தேதி தானாகத் தள்ளிப் போக வேண்டும். "தரலாம்" என்பதை "தர வேண்டும்" என்று திருத்துங்கள்.

கூடுதல் பருவங்களின் கட்டணத்தையும் அதே கடனில் சேர்த்துக் கொடுங்கள். மெதுவாகப் படிப்பதால் வட்டி மானியம் போகாது என்று தெளிவாக உத்தரவு போடுங்கள்.

கடன் கொடுக்கும் அன்றே இந்த விவரங்களைத் தமிழில் அச்சடித்து, கையெழுத்துப் போடும் பெற்றோர் கையில் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாடத்தைக் குறைப்பதற்கு முன்னாலேயே வங்கிக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். கல்லூரிக் கடிதத்தின் நகலை இணையுங்கள். மனு பெற்றதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாயால் சொன்னது நாளைக்குச் சாட்சிக்கு வராது. பிறகும் இழுத்தடித்தால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் காசு செலவு இல்லை.

கஷ்டத்திலும் புத்தகத்தைக் கீழே வைக்காத பிள்ளை, நாளைக்குக் கடனையும் கட்டும். அதற்குத் தேவை ஒரு வருஷ மூச்சு. அதைக் கொடுக்க வங்கிகளுக்கு மனசு வருமா?