"என் பேரைப் போடாதேம்மா" என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள பழைய மாணவர்களே, உறவினர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்து முடித்ததும் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

"எந்தப் பத்திரிகையும் உண்மையை எழுதுவதில்லை, எல்லாம் விலை போய்விட்டது" என்று நம் குடும்பக் குழுவிலும் பள்ளிக் குழுவிலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது எழுதுகிறீர்கள். உடனே பத்துக் கட்டைவிரல்கள் உயர்கின்றன. நான் ஒன்று கேட்கிறேன். உண்மையை எழுத ஒரு பெண் உங்கள் வாசலுக்கே வந்தாளே, அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

என் தங்கையின் பேத்தி சென்னையில் இதழியல் படிக்கிறாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கடைசிப் பருவத்துக்கு ஒரு செய்திக் கட்டுரை எழுதித் தர வேண்டும். அவள் நம் ஊர்க் குடிநீரை எடுத்துக்கொண்டாள். சில தெருக்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. சில தெருக்களுக்கு ஒன்பது நாள் ஆகிறது. ஒரே தொட்டி, ஒரே வரி, ஏன் இந்த வித்தியாசம்? இவ்வளவுதான் அவளுடைய கேள்வி. பெயரோடு பேசும் ஐந்து பேராவது கட்டுரையில் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பில் உள்ள அலுவலராக இருக்க வேண்டும் என்பது பேராசிரியரின் நிபந்தனை. கையில் இருந்தது மூன்று வாரம்.

பதினாறு நாள் வெயிலில் அலைந்தாள். நாற்பது பேருக்கு மேல் பேசினாள். பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர்.

அந்த இரண்டு பேர் யார் தெரியுமா? ஒருவர் தெருக்குழாய் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மா. இன்னொருவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நாளைக்கே "வேலைக்கு வராதே" என்று சொன்னால் கேட்க நாதியில்லாதவர். பயப்பட நியாயமான காரணம் உள்ள இருவரும் பேசினார்கள். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கியில் விழும் நம் ஆட்கள், சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள், இவர்கள்தான் பதுங்கினார்கள். அரைமணி நேரம் ஆற அமரக் குறை சொல்லிவிட்டு, அவள் பேனாவை எடுத்ததும், "என் பேரைப் போடாதேம்மா, நமக்கெதற்கு வம்பு?" என்றார்கள். இதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

நீங்கள் அவளிடம் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"மாணவிதானே, இது எங்கே அச்சாகப் போகிறது?" என்றார் ஒருவர். சரி. அச்சாகாத கட்டுரைக்கே பெயர் தரப் பயம் என்றால், அச்சாகும் கட்டுரைக்கு எப்படித் தருவீர்கள்? கட்டுப்பாட்டுக் கருவியைத் தொட விடாமல் ஒரு பையனை ஓட்டுநர் ஆக்க முடியாது. யாரும் பேசாத ஊரில் ஒரு பிள்ளை நிருபர் ஆகவும் முடியாது. இன்று கதவைச் சாத்தினால், நாளைக்கு அவள் மேசையில் உட்கார்ந்து அரசின் செய்திக்குறிப்பை அப்படியே எழுதித் தரக் கற்றுக்கொள்வாள். அதையும் நீங்கள்தான் "விலை போய்விட்டது" என்பீர்கள்.

"நாம் ஒன்று சொன்னால் அவர்கள் ஒன்று எழுதுவார்கள்" என்றார் இன்னொருவர். அப்படி நடப்பதுண்டு, நான் மறுக்கவில்லை. அதற்கு மருந்து இருக்கிறது. "நான் சொன்னதை ஒருமுறை வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். அவள் மகிழ்ச்சியாக வாசித்துக் காட்டியிருப்பாள்.

"வீட்டுக்காரர் வரட்டும், அவரிடம் கேள்" என்று சொன்ன பெண்கள் ஏழெட்டுப் பேர். விடிகாலை மூன்று மணிக்கு மோட்டார் போட எழுந்திருப்பது யார்? குடங்களையும் தொட்டியையும் நிரப்புவது யார்? தண்ணீர் பற்றி நம் ஊரில் வீட்டுப் பெண்களை விட விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் போய் என்ன கேட்பது?

அடுத்து அலுவலகத்தில் இருப்பவர்கள். "மேலதிகாரி அனுமதி வேண்டும்" என்று நான்கு மேசை மாற்றி அனுப்பினீர்கள். நான்காவது மேசையில் இருந்தவர் முதல் மேசைக்கே திருப்பி அனுப்பினார். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 எனக்கும் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் அவற்றுக்கு உட்பட்டுத்தான் வேலை பார்த்தேன். அரசின் கொள்கையைப் பத்திரிகையில் விமர்சிக்கக் கூடாது என்பது சரி. எந்த வார்டுக்கு எந்த நாளில் தண்ணீர் திறக்கிறோம் என்ற அட்டவணையைக் காட்டுவது விமர்சனமா? அது சுவரில் ஒட்டியிருக்க வேண்டிய தாள்.

"தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு" என்று ஒருவர் புத்தி சொன்னாராம். போட்டால் பத்து ரூபாய்தான், தெரியும். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் என்பதும் தெரியும். அவளிடம் இருந்ததோ 21 நாள். தெரிந்தேதான் அந்த வழியைக் காட்டினீர்களா? அதே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே பல விவரங்களை அலுவலகம் தானாக வெளியிட வேண்டும் என்கிறது. அதை ஏன் சொல்லவில்லை? மத்திய அரசு அந்தச் சட்டம் கொண்டுவருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், இந்தியாவிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது நம் தமிழ்நாடு. அந்தப் பெருமையை மேடையில் பேசுகிறோம். மேசையில் ஒரு தாளை எடுத்துக் காட்டக் கை வரவில்லை.

பெயர் வெளியே வந்தால் உண்மையிலேயே பிழைப்புப் போகும் என்பவர்கள் உண்டு. அவர்கள் பெயரை மறைக்கக் கேட்பது நியாயம், நல்ல நிருபர் மறைக்கவும் செய்வார். போபர்ஸ் ஊழல் ஆவணங்களைப் பத்திரிகையாளர் சித்ரா சுப்பிரமணியத்துக்குக் கொடுத்தவர் சுவீடன் காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். அவரே 2012இல் வெளிப்படையாகச் சொல்லும் வரை அந்தப் பெயர் காப்பாற்றப்பட்டது. அவர் கையில் இருந்தது ஒரு நாட்டின் அரசையே உலுக்கிய காகிதங்கள். உங்கள் கையில் இருப்பது "எங்கள் தெருவுக்கு ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை" என்ற ஒற்றை வாக்கியம். அதற்கு எதற்கய்யா முக்காடு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் மறைந்துகொண்டதால் அந்தக் கட்டுரையில் இப்போது இரண்டே பெயர்கள் தனியாக நிற்கின்றன. நாற்பது பேர் பேசியிருந்தால் அந்தத் தூய்மைப் பணியாளரை யாரும் தனியாக அடையாளம் காட்ட முடியாது. உங்கள் மௌனத்தால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் கூடவில்லை. அவருக்குத்தான் ஆபத்து கூடியிருக்கிறது. "நமக்கெதற்கு வம்பு" என்பவர்கள் இதை யோசித்தீர்களா?

உங்களைப் புரட்சி செய்யச் சொல்லவில்லை. ஒரு மாணவர் கேள்வியோடு வந்தால் பத்து நிமிடம் கொடுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், காதால் கேட்டதைக் கேட்டது என்றே சொல்லுங்கள். ரசீதோ மனுவின் நகலோ இருந்தால் காட்டுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் காட்டுங்கள். பேச முடியாது என்றால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். "நாளைக்கு வா" என்று மூன்று நாள் அலையவிடாதீர்கள்.

இந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் வேண்டாம், "அருமை ஐயா" என்ற கருத்தும் வேண்டாம். அவள் கட்டுரையைக் கொடுக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. குறைவது மூன்று பெயர்கள். ஒன்று அலுவலகத்திலிருந்து, இரண்டு நம் தெருக்களிலிருந்து. கொடுக்க மனமுள்ளவர்கள் என் உள்பெட்டிக்கு எழுதுங்கள். எந்த நேரத்துக்கு என்றாலும் நானே அவளை அழைத்து வருகிறேன்.